நெற்றியில் ஒட்டாத சந்தனம்

தகரப் பெட்டியைத் திறந்து இரண்டு மாதம் ஆகிறது புள்ள. இன்னும் என் துண்டில் அந்துருண்டை வாடை போகவில்லை. மூன்று தரம் துவைத்தாயிற்று. நம்ம மகள் ஏதோ வாசனைத் தண்ணீரில் ஊறப் போட்டும் பார்த்தாள். தோளில் போட்டால் திரும்புகிற பக்கமெல்லாம் அந்த வாடைதான். முகம் துடைக்கும்போது மூக்குக்குள் ஏறி, ‘சொல்லிட்டியா, இன்னும் சொல்லலையா’ என்று கேட்கிறது. அதனால்தான் இந்தக் கடுதாசி.

சொல்கிறவன் நான், எழுதுகிறவள் மகள். நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன். என் பேச்சை அப்படியே எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பிடிபடாது என்று அங்கங்கே திருத்தி எழுதுகிறாள். பேச்சைத் திருத்திக்கொள், விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

விஷயம் உன் ஐயா படத்தைப் பற்றியது. சுவரில் இருந்த படத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம் வைத்தாயே, கடைசிப் பல வருசம் நீ வைத்தது அவர் படத்துக்கு இல்லை. அது நான் மாட்டிவைத்த ஜெராக்ஸ். அசலைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தவன் நான். சந்தனம் ஒட்டாமல் போனதற்கும் உன் ஐயாவுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு வரியில் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற ஆளா நான்? கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

உன் ஐயா எனக்குத் தாய்மாமன். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது, உனக்கு ஏழு இருக்கும் அப்போது. கீழக்குயில்குடி தாமரைக்குளத்துக் கரையில் ஒரு டிராயிங் வாத்தியார் மடக்கு நாற்காலி போட்டு, சமணர் மலையை வரைந்துகொண்டிருந்தார். நல்ல வெயில். மரக்கிளையில் குடையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆனால் குடை நிழலில் இருந்தது அவர் இல்லை, காகிதம். அவர் வெயிலில் வெந்துகொண்டிருந்தார். ‘தலைக்குக் குடை பிடிக்காம தாளுக்குக் குடை பிடிக்கிறான்யா’ என்று சிரித்த கூட்டத்தில் நானும் நின்றேன். மாடு குளிப்பாட்ட வந்த மாமா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் போய் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மலைய எதுக்குய்யா வரையிறீக? அது எங்குட்டும் போகாது. போற ஆளுகள வரைஞ்சு வைங்க.”

“அப்ப நீங்களே உக்காருங்க” என்றார் வாத்தியார்.

மாமா ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார். பென்சில் கோடு, அதன் மேல் தண்ணீர் வண்ணம். மீசை வந்தது, கடுக்கன் வந்தது, துண்டின் சிவப்புக் கரை வந்தது. பின்னால் மலை ஒரே ஒரு நீலத் தீற்றலாக நின்றது. மாமா பதிலுக்கு ஒரு குலை நுங்கு கொடுத்தார். அந்த வாத்தியார் பெயரை ஊரில் ஒருவரும் கேட்டுவைக்கவில்லை. குலையில் எத்தனை நுங்கு இருந்தது என்று மட்டும் இன்றைக்கும் சண்டை போடுவார்கள். நம்ம ஊர் அப்படி.

மறுவருசம் காய்ச்சலில் மாமா போய்விட்டார். ஒரு போட்டோ எடுத்ததில்லை. அந்தத் தாள் ஒன்றுதான் அவர் முகம். உன் ஆத்தா வேட்டிக்கடை அட்டைப் பெட்டியைக் கிழித்து, மைதாப் பசை காய்ச்சி, படத்தை அதில் ஒட்டி அடுப்படிச் சுவரில் மாட்டினார். கல்யாணமாகி நீ என் வீட்டுக்கு வந்தபோது சீர்ச் சாமான்களை ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்தார்கள். படத்தை மட்டும் நீ யாரிடமும் தரவில்லை. கழுத்தில் மாலை, கக்கத்தில் உன் ஐயா. ‘மாமனாரயும் சேத்துல்ல கூட்டியாந்திருக்கான் மாப்ள’ என்று என் சேக்காளிகள் கேலி பேசினார்கள்.

பசை என்றதும் பக்கத்து வீட்டு ஆடு ஞாபகம் வருகிறது. சுவரில் போஸ்டர் ஒட்டிய ஈரம் காய்வதற்குள் வந்து உரித்துத் தின்னும். கட்சி பார்க்காது, எல்லாத் தலைவரையும் தின்னும். ‘அதுக்கு மூஞ்சி யாருக்கு வேணும்? மைதாதான் வேணும்’ என்று நீ சொல்லிச் சிரிப்பாய். நம்ம வீட்டுச் சுவரில் அதே காரியத்தைச் சத்தமில்லாமல் பூச்சி செய்துகொண்டிருந்தது நமக்குத் தெரியவில்லை. வெள்ளி மாதிரி மினுக்கிக்கொண்டு ஓடுமே, அந்தப் பூச்சி. பின்னால் இருந்த பசைக்கு ஆசைப்பட்டு வந்து, படத்தையும் சுரண்டித் தின்றது. முதலில் தின்றது மலையை. எங்கும் போகாது என்று மாமா சொன்ன மலைதான் முதலில் போனது.

அப்புறம் சாயங்கால வெயில். மேற்கு ஜன்னல் வழியாக வந்து நேராகப் படத்தில் விழும். துண்டின் சிவப்புக் கரை பழுத்த கொய்யாவின் உள்பக்கம் மாதிரி வெளிறிவிட்டது. முகமும் வெளுத்துக்கொண்டே போனது. ‘எங்க ஐயா நல்ல செவப்பு’ என்று நீ பெருமை பேச ஆரம்பித்தாய். சாம்பிராணிப் புகை, விளக்கெண்ணெய்ப் பிசுக்கு, இதெல்லாம் போதாதென்று உன் சந்தனம். என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே வெள்ளிக்கிழமை காலையில் கல்லில் இழைத்து, குழைவாக எடுத்து, படத்து நெற்றியிலேயே வைப்பாய். பழசைத் துடைக்க மாட்டாய், அதன் மேலேயே புதுசு. நெற்றியில் சுண்டைக்காய் கணக்காகச் சந்தனம் புடைத்து நின்றது. அதைச் சுற்றி ஈரம் ஊறிய மஞ்சள் வட்டம். எனக்குப் பதைக்கும்.

“புள்ள, இப்பிடியே வச்சயின்னா நெத்தி ஓட்டையாப் போயிரும். ஒரு கண்ணாடியப் போடுவோம்” என்றேன்.

“கண்ணாடி போட்டா?”

“கண்ணாடி மேல வையி.”

“அது கண்ணாடிக்கு வச்ச பொட்டு மச்சான். எங்க ஐயாவுக்கு வச்சதா ஆகுமா? உங்களுக்கு நெத்தியில வச்சுவிடச் சொன்னா, சட்டப்பைல வச்சுவிட்டா ஒத்துக்குவீகளா?”

உன்னிடம் வாய் கொடுத்து ஜெயித்தவன் யார்? ஆனால் மனசுக்குள் உன்னைத்தான் குற்றவாளி என்று எழுதிவைத்துவிட்டேன். பூச்சியும் வெயிலும் அப்புறம். பாசத்தில் இவளே தன் ஐயாவை அழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

மகளுக்கு இரண்டாவது பிரசவம். மூத்தது பள்ளிக்கூடம் போவதால் இந்தத் தடவை அவள் இருக்கிற கோச்சடையிலேயே வைத்துக்கொள்வோம் என்று நீ நாற்பது நாள் அங்கே போனாய். அதுதான் சமயம் என்று நான் படத்தைக் கழற்றினேன். கத்தியை விட்டு அட்டையிலிருந்து பெயர்த்தேன், ஓரமெல்லாம் கிழிந்தது. துணிப்பையில் போட்டு, பஸ் ஏறி, தல்லாகுளத்தில் ஒரு கலர் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் வழவழவென்ற கெட்டித் தாளில் எடுத்துக் கையில் கொடுத்தார்.

“பெரியவரே, அசலயும் இதயும் கலந்து வச்சுட்டு வீட்டம்மாவக் கேளுங்க. திணறிப்போயிருவாக.”

“அதுதான்யா வேணும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். வாயில் வந்ததைச் சொன்னதுதான். அப்படியே பலித்தது.

ஜெராக்ஸை அதே அட்டையில் ஒட்டி, அதே ஆணியில் மாட்டினேன். அசலின் கிழிந்த ஓரங்களுக்குச் செல்லோடேப் ஒட்டினேன், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. செய்தித்தாளில் சுற்றினேன். தண்ணீர் இறங்கக் கூடாதென்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டினேன். நாலு அந்துருண்டை போட்டுத் தகரப் பெட்டியில் வைத்து, பரணில் ஏற்றினேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஒரு முழம் கீழே. வெயில் படாது, பூச்சி வராது, உன் கை எட்டாது. மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு ஒரு ஆள் சோறு கூடத் தின்றேன்.

நீ திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நேரே படத்துக்கிட்டே போய் நின்றாய். உன் கண்ணில் அப்போதே புரை விழ ஆரம்பித்திருந்தது. விரலால் நெற்றியைத் தடவினாய்.

“மச்சான், இங்க இருந்த சந்தனம் எங்க?”

“அதா... காஞ்சு உதிந்துருச்சு புள்ள. நாப்பது நாளு தண்ணி படலல்ல.”

“உதிந்துருச்சா?” நீ விரலை எடுக்கவில்லை. “இல்ல, உதுத்துட்டாரா?”

நான் சிரித்து மழுப்பினேன். வெள்ளிக்கிழமை வந்தது. புதுச் சந்தனம் வைத்தாய். வழவழத் தாளில் ஈரம் எப்படி இறங்கும்? சந்தனம் மூக்கு வழியாக வழிந்து மீசையில் வந்து நின்றது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாய். மறுபடி வழிந்தது. மூன்றாவது தடவை நீ வைக்கவில்லை. கையில் சந்தனத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

“நாப்பது நாளு விட்டுட்டுப் போயிட்டேன்ல. ஐயா வாங்கிக்கிற மாட்டேங்கிறாரு.”

புள்ள, அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ‘அது ஜெராக்ஸுடி’ என்று ஒரு சொல். நீ வைதிருப்பாய், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாய், அதோடு போயிருக்கும். நான் சொன்னது என்ன? “தண்ணியக் கொறச்சு இழைச்சுப் பாரு.” அடுத்த வாரம் கெட்டியாக இழைத்தாய். ஒட்டியது. ஆனால் உன் மனசு ஒட்டவில்லை. ஐயா கோபம் ஆறுகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருக்கப்போகிறேன் என்று நேர்ந்துகொண்டாய். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். விளக்கு வைத்த பிறகு ஒரு வாய்ச் சோறு.

ஒரு மாசம் இருப்பாய் என்று நினைத்தேன். சாகிற வரைக்கும் இருந்தாய். நடுவில் எத்தனையோ தடவை சொல்ல வந்தேன். ஒரு தடவை நாகமலைச் சந்தைக்கு நடந்து போகும்போது பாதி வழி வரைக்கும் வாயில் வைத்துக்கொண்டே வந்தேன். நீ முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய், நான் விழுங்கிவிட்டேன். நாளாக நாளாகச் சொல்லுகிற வார்த்தை சின்னதாகவே இருந்தது, சொல்லாமல் இருந்த காலம்தான் பெருத்துக்கொண்டே போனது.

நீ போய் ஏழாம் மாசம், மகள் ஒருநாள் வந்து கேட்டாள். “அப்பா, தாத்தா படத்த நான் எடுத்துக்கிறவா? அம்மா ஞாபகமா இருக்கும்.”

அவளுக்கு ஜெராக்ஸைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை இங்கே எழுத மாட்டேன் என்கிறாள். சரி, விடு. மருமகன் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினார். திறந்தோம்.

அந்துருண்டை கரைந்து காணாமல் போயிருந்தது, வாடை மட்டும் இருந்தது. பெட்டியைத் துடைத்த என் துண்டில் அது ஏறிக்கொண்டது. பிளாஸ்டிக் உறை உள்ளுக்குள் வேர்த்து, படத்தோடு ஒட்டிக் கிடந்தது. செய்தித்தாள் பழுத்து நொறுங்கியது. அதன் எழுத்தெல்லாம் தலைகீழாக மாமா கன்னத்தில் இறங்கியிருந்தது. செல்லோடேப் போட்ட இடம் வெல்லப்பாகு மாதிரி பழுப்பேறிக் கசிந்திருந்தது. ஒரு கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சைக்காளான். தொட்டால் அப்பளம்.

மகள் அலுவலகத்தில் யாரையோ விசாரித்து, தல்லாகுளத்தில் ஒரு அம்மாவைக் கண்டுபிடித்தாள். பழைய பத்திரம், படம் எல்லாம் செம்மைப்படுத்துகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை. மேசை மேல் வெள்ளை ஒற்றுத்தாள், மெல்லிய தூரிகை, தட்டைக் கத்தி. காகிதத்தை எடுப்பதற்கு முன்னால் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். நான் எட்டிப் பார்த்து, தொட விரலை நீட்டினேன்.

“ஐயா, கைய எடுங்க. வெத்தலச் சுண்ணாம்பு இருக்கு விரல்ல.”

எடுத்துக்கொண்டேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, “இத இம்புட்டுப் பத்திரமா வச்சது யாரு?” என்றார்.

நான் குற்றத்தை முன்கூட்டியே உன் பேரில் எழுதிவைத்தவன் அல்லவா? “என் சம்சாரம் தெனம் பொகை போடுவா. சந்தனத்த இதுமேலயே வைப்பா. சொன்னாக் கேக்க மாட்டா” என்று ஆரம்பித்தேன்.

“அதுவும் கெடுதல்தான், இல்லேங்கல. ஆனா அது மெல்லக் கொல்றது” என்றார் அந்தம்மா. “பொகைய மேலாக்கத் தொடச்சு எடுத்துரலாம். வெயிலு நெறத்தத் தின்னுருக்கு, அட்டையோட அமிலம் தாளத் தின்னுருக்கு, அது அம்பது வருசக் கணக்கு. இந்த டேப்பும் நியூஸ் பேப்பரும் பிளாஸ்டிக்கும் யாரு பண்ணுனது? மூச்சு விடாமக் கட்டி, கூரைச் சூட்டுல போட்டு வேக வச்சிருக்கீக. காகிதமும் பஞ்சுதானய்யா, அதுக்கும் காத்து வேணும். சும்மா விட்டிருந்தாக்கூட இன்னும் ரொம்ப நாளு இருந்திருக்கும்.”

மகள் என் முதுகில் கை வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். அந்தம்மா பிளாஸ்டிக்கை அரிசி அரிசியாக உரித்திருந்தார். கன்னத்து எழுத்துப் பாதி போயிருந்தது, பாதி போகாது என்றார். பூஞ்சை தின்ற கண் தின்றதுதான். அந்த இடத்தில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு தாளைப் பின்னால் கொடுத்து ஒட்டியிருந்தார். “வரைஞ்சு குடுக்க மாட்டீகளா?” என்று கேட்டேன். “அது உங்க மாமா கண்ணா இருக்காது, என் கண்ணா இருக்கும்” என்றார். எனக்கு நீ பேசுகிற மாதிரியே கேட்டது.

நெற்றிச் சந்தனத்தை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தார். “இத எடுக்கவா, வேணாமா? நீங்கதான் சொல்லணும். எடுத்தா அடியில என்ன இருக்கும்னு எனக்கும் தெரியாது.”

ஓட்டைதான் இருக்கும் என்று எனக்கு நிச்சயம். எத்தனை வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்! பார்க்காமல் எழுந்து வந்துவிடலாமா என்றிருந்தது. மகள்தான், “எடுங்கம்மா” என்றாள்.

பஞ்சில் ஈரம் தொட்டுத் தொட்டு, ஊறவிட்டு, தட்டைக் கத்தியால் பொடிப் பொடியாக எடுத்தார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கடைசிப் பொருக்கு வந்ததும் விளக்கைக் கிட்டே இழுத்துக் குனிந்தார்.

“ஐயா, இங்க வாங்க. தொடாம பாருங்க.”

ஓட்டை இல்லை புள்ள. ஓரத்தில் மஞ்சள் படிந்திருந்தது, உண்மைதான். நடுவில், ஒரு புளியங்கொட்டை அளவுக்கு, அந்த டிராயிங் வாத்தியார் தீட்டிய நிறம் அன்றைக்குத் தீட்டின மாதிரியே இருந்தது. நல்ல கறுப்பு. நம்ம குளத்துக் கரம்பை மண் நனைந்தால் ஒரு நிறம் வருமே, அது. அதற்குள் இரண்டு நெற்றிச் சுருக்கம், பென்சிலில், முடி மாதிரி. சுற்றியிருந்த முகமெல்லாம் வெயிலில் வெளுத்துப்போக, உன் சந்தனம் மூடியிருந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை.

“இதுதான் இவரோட நெறம். மத்ததெல்லாம் வெயிலு போட்ட வேசம்” என்றார் அந்தம்மா.

“தாத்தா கறுப்பாப்பா?” என்றாள் மகள். “அம்மா செவப்புன்னுல்ல பீத்திக்கிட்டு இருந்துச்சு.”

நான் சிரித்தேன். அழுகையும் வந்தது. எனக்கு அந்த நிறம் ஞாபகம் வந்துவிட்டது புள்ள. குளத்தில் மாட்டைத் தேய்த்துவிட்டுக் கரையேறுகிற மாமாவின் முதுகு. அத்தனை வருசமும் மறந்தே போயிருந்தேன்.

உன் ஐயா உன் சந்தனத்தை உதறவில்லை. நீ வைத்தது முழுவதையும் நெற்றியிலேயே வைத்துக்கொண்டு இருட்டில் கிடந்தார். உதறியது என் ஜெராக்ஸ். உதிர்ந்தது என்று சொன்னது என் வாய்.

இப்போது படம் கோச்சடையில், மகள் வீட்டில் இருக்கிறது. வெயில் படாத சுவர். கண்ணாடி போட்டாயிற்று, ஆனால் தாளில் படாமல் ஒரு விரக்கடை இடைவெளி விட்டு. உனக்குப் பிடிக்காது, தெரியும். இதில் அந்தம்மா சொன்னதைத்தான் கேட்க வேண்டியிருந்தது, என் யோசனை எதையும் நான் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை நானும் அங்கேதான் இருந்தேன். மகள் இட்லி கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றேன். உன் ஒருபொழுதை நான் எடுத்துக்கொண்டது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“எதுக்குப்பா இப்ப? தாத்தாவுக்குக் கோவமே இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே.”

“அவருக்கு இல்ல தாயி. இது உங்காத்தாளுக்கு.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெட்டியைத் திறந்த வாரமே ஆரம்பித்தது, எட்டு வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. இந்தப் பசியின் வழி எனக்கு இப்போது தெரிகிறது. பதினோரு மணிக்கு வயிற்றைப் பிசையும். ஒரு மணிக்குக் கண்ணை இருட்டும். அப்புறம் மரத்துப்போகும், ஒன்றும் தெரியாது. நாலு மணிக்குத் திரும்பி வரும்போதுதான் தாங்க முடியவில்லை. அந்த நேரம்தான் புள்ள, நீ அடுப்பைப் பற்றவைத்து, சீனி கூடவா குறைச்சா என்று கேட்டு, எனக்குக் காப்பி போட்டுக்கொண்டிருப்பாய்.